ஆறு வாரம் அவளுக்குச் சொந்தம்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கூலி, பஞ்சப்படி, போனஸ், ஆட்குறைப்பு என்று இந்த மேடையில் பேசினால் யாருக்கும் ஆச்சரியம் இராது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். கருவுற்ற பெண்ணுக்கு இரண்டாவது மாதத்திலோ மூன்றாவது மாதத்திலோ கரு கலைந்து போய்விடுகிறது. அதன் பிறகு அவள் உடம்பு எப்படித் தேறுவது, மனம் எப்படித் தேறுவது, வீட்டிலிருப்பவர்கள் என்ன செய்யவேண்டும், மில் நிர்வாகம் என்ன கொடுக்கவேண்டும் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

"இது பொம்பளைகள் சமாசாரம், இதற்கு ஒரு கூட்டமா?" என்று ஆண் தோழர்கள் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதனால்தான் இதைக் கூட்டத்தில் பேசவேண்டியிருக்கிறது. இரவு ஷிப்டில் ரத்தம் போக ஆரம்பித்து, மேஸ்திரியிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஷிப்டு முடியும் வரை ரிங் பிரேம் முன்னால் நின்ற பெண்களை நமக்குத் தெரியும். மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பி, இயந்திரத்தின் பக்கத்தில் மயங்கி விழுந்தவர்களையும் தெரியும். களையெடுத்துக்கொண்டிருந்தவள் வரப்போரம் போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து வரிசையில் சேர்ந்த கதையும் நம் ஊர்களில் உண்டு. இவர்கள் எல்லோரும் நம் வீட்டுப் பெண்கள். இவர்களுக்கு நேர்ந்தது நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

எத்தனை பேருக்கு நேர்கிறது?

முதலில் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். 2021ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகை உலகக் கணக்கைத் தொகுத்து வெளியிட்டது. உண்டானது என்று தெரிந்த கருக்களில் நூற்றுக்குச் சுமார் 15 கலைந்து போகின்றன. உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம், அதாவது நிமிஷத்துக்கு 44. இதில் பெரும் பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கிறது. நூறு பெண்களை எடுத்துக்கொண்டால், சுமார் 11 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறை கரு கலைந்திருக்கிறது. இரண்டு முறை கலைந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மூன்று முறையும் அதற்கு மேலும் என்பது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, இது அபூர்வமாக யாரோ ஒரு துரதிர்ஷ்டசாலிக்கு நேர்வதல்ல. இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களிலேயே பலருக்கு நேர்ந்திருக்கும், சொல்லாமல் வைத்திருப்பார்கள். இரண்டு, ஒரு முறை கலைந்துவிட்டது என்பதால் இனிமேல் கரு தங்காது என்று அர்த்தமில்லை. ஒரு முறை கரு கலைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள்.

பழி யார் மேல்?

கரு கலைந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி என்ன? "நீ என்ன பண்ணினே?" என்பதுதான். குடம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா, பஸ்ஸிலே போனாயா, மாடிப்படி ஏறினாயா, கிரகணத்தில் வெளியே வந்தாயா, யாருடைய கண் பட்டது என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அவளே தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, அன்றைக்கு என்ன செய்தோம், அதற்கு முந்தின நாள் என்ன செய்தோம் என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறாள்.

மருத்துவம் கண்ட காரணம் வேறு. முதல் மூன்று மாதத்தில் கலைந்த கருக்களைச் சோதித்துப் பார்த்ததில், ஏறத்தாழப் பாதிக்கு மேல் குரோமோசோம் கணக்கில் பிழை இருந்தது. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, ஆக 46 குரோமோசோம்கள் சேர்ந்து ஒரு உயிர் உருவாகிறது. சேரும் வேளையில் ஒன்று கூடிவிடும் அல்லது ஒன்று குறைந்துவிடும். அப்படிப்பட்ட கரு வளர முடியாமல் தானாக நின்றுவிடுகிறது. யாரும் செய்த தவறினால் இது ஏற்படுவதில்லை. விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூறு விதை போட்டால் நூறும் முளைப்பதில்லை. முளைக்காத விதைக்காக விதைத்தவள் கையை யாரும் குற்றம் சொல்வதில்லையே!

மற்றக் காரணங்களும் உண்டு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, மலேரியா போன்ற காய்ச்சல், கர்ப்பப்பையின் அமைப்பில் குறை, புகையிலை, வயது முப்பத்தைந்தைத் தாண்டுவது – இவை எல்லாம் அபாயத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் வீட்டில் சாதாரணமாக வேலை செய்ததாலோ, புருஷனும் மனைவியும் சேர்ந்திருந்ததாலோ, பயந்ததாலோ, அழுததாலோ கரு கலைவதில்லை. படுக்கையிலேயே கிடந்திருந்தால் தங்கியிருக்கும் என்பதும் சரியல்ல. படுத்தே கிடப்பதால் கரு கலைவது தடுக்கப்படுவதில்லை என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"அப்படியானால் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டென்மார்க் தேசத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கை எடுத்து 2019இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரே வாரத்தில் இரண்டு இரவு ஷிப்டு அல்லது அதற்கு மேல் செய்த கர்ப்பிணிகளுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு கரு கலையும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. நம் தமிழ்நாட்டிலேயே சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தார் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். 2024இல் அந்த முடிவுகள் வெளிவந்தன.

ஒரு குறிப்பிட்ட பெண்ணின் கரு இதனால்தான் கலைந்தது என்று எந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். இரவு ஷிப்டை அவள் விரும்பி வாங்கவில்லை. சித்திரை வெயிலில் நிழலும் தண்ணீரும் இல்லாமல் குனிந்து நிற்பதை அவள் கேட்டு வாங்கவில்லை. வேலை நிலைமையில் குறை இருந்தால் அந்த நிலைமையை மாற்றவேண்டும். அதை அவள் தலையில் பாவமாக ஏற்றக்கூடாது.

உடம்புக்கு என்ன செய்வது?

கரு கலையும்போது அடிவயிற்றில் பிடித்து இழுக்கும் வலி வரும். இடுப்பு வலிக்கும். மாதவிலக்கைவிட அதிகமாக ரத்தம் போகும். கட்டி கட்டியாகவும் போகும். கரு வெளியேறிய பிறகு ரத்தம் படிப்படியாகக் குறைந்து ஒரு வாரம், இரண்டு வாரத்தில் நின்றுவிடும். சிலருக்கு வலியும் ரத்தமும் இல்லாமலே, ஸ்கேன் எடுக்கும்போதுதான் கருவின் துடிப்பு நின்றுவிட்டது தெரியும்.

எப்படி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். "எல்லாம் வந்துவிட்டது, இனி என்ன?" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உள்ளே கொஞ்சம் தங்கிவிட்டால் ரத்தம் நிற்காது, சீழ் பிடிக்கும். வைத்தியம் மூன்று வகை. தானாக வெளியேறும்வரை டாக்டரின் கண்காணிப்பில் காத்திருப்பது ஒன்று. மாத்திரை கொடுத்து வெளியேற்றுவது இரண்டாவது. குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மூன்றாவது. கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுக்கும் பழைய முறையைவிட உறிஞ்சி எடுக்கும் முறையே பத்திரமானது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. எந்த முறை தனக்கு ஏற்றது, ஏன் என்று டாக்டரிடம் கேட்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதை மறக்காமல் சொல்லவேண்டும். ஊசி தேவையா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். கரு கலைய யாராவது மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்தால் ஆபத்து அவளுக்குத்தான்.

இப்போது சொல்வதை ஆண் தோழர்களும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடு முழுதாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் ஆபத்து. குளிர் காய்ச்சல் ஆபத்து. நாற்றமடிக்கும் கசிவு ஆபத்து. தாங்க முடியாத வயிற்று வலி, அதிலும் ஒரே பக்கத்தில் குத்தும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம் – இவை மிக மிக ஆபத்து. கரு கர்ப்பப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்தால் இப்படி வரும். உள்ளே ரத்தம் கொட்டும். வெளியே கொஞ்சம்தான் தெரியும். விடியட்டும், வண்டி கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.

ஆபத்து நீங்கிய பிறகு வேண்டியது ஓய்வும் சாப்பாடும். நம் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் போதாது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இருக்கிற கொஞ்ச ரத்தமும் போன பிறகு, பத்தியம் என்று சொல்லி ரசமும் சோறும் மட்டும் போட்டால் எப்படித் தேறும்? முருங்கைக்கீரை, கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை, எள்ளுருண்டை, முட்டை, மீன், முடிந்தபோது ஈரல் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது; டீ அதன் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நல்லது.

ரத்தம் நிற்கும்வரை புருஷன் மனைவியை அண்டக் கூடாது. சுத்தமான துணி அல்லது பேடு மட்டும் உபயோகிக்கவேண்டும். குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் வீட்டில் மற்றவர்கள் தூக்கட்டும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மாதவிலக்கு திரும்பும். ஆனால் அதற்கு முன்னாலேயே, இரண்டு வாரத்திலேயே, மறுபடி கருத்தரிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே இப்போது வேண்டாம் என்றால் டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டு அதற்கான வழியைச் செய்துகொள்ளவேண்டும்.

மனதுக்கு என்ன செய்வது?

தோழர்களே, நம் ஊரில் ஒருவர் இறந்தால் செய்தி போகிறது. சொந்தக்காரர்கள் வருகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருகிறது. மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று காரியம் இருக்கிறது. துக்கத்தை நான்கு பேர் சேர்ந்து சுமக்க நம் ஜனங்கள் ஏற்படுத்திக்கொண்ட வழி அது. இரண்டு மாதக் கரு போனால் இதில் ஒன்றும் இல்லை. பேர் வைக்காத பிள்ளை. முகம் பார்க்காத பிள்ளை. யாரும் வருவதில்லை, யாரும் கேட்பதில்லை. ஆனால் அவள் அந்தப் பிள்ளைக்கு மாதம் எண்ணிக்கொண்டிருந்தாள். தைக்கு எத்தனை மாதம், பங்குனிக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கு மட்டும் அவள் மனதிலே ஓடிக்கொண்டே இருக்கிறது. குழந்தை பிறந்திருக்க வேண்டிய மாதம் வரும்போது, மற்றவர்களுக்கு நினைவிராது, அவளுக்கு இருக்கும்.

இது வெறும் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் நகரத்தில் ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சி 2020இல் வெளிவந்தது. ஒரு மாதம் கழித்து நூற்றுக்கு 29 பேருக்கு, பெரும் விபத்தில் சிக்கியவர்களுக்கு வருவதுபோன்ற மன அதிர்ச்சியின் அறிகுறிகள் இருந்தன. அதாவது, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கெட்ட கனவு, திடுக்கிடல். ஒன்பது மாதம் கழித்தும் நூற்றுக்கு 18 பேருக்கு அது நீங்கவில்லை. வசதியுள்ள பட்டணத்தில் வைத்தியம் பெற்றவர்களின் கணக்கு இது.

ஆகவே அவள் அழுதால் அழட்டும். கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அழுகையே வராது, மரத்துப்போனதுபோல் இருப்பார்கள். சிலர் இரண்டே வாரத்தில் தேறிவிடுவார்கள்; அதுவும் கல்நெஞ்சம் அல்ல. இத்தனை நாள்தான் துக்கம் என்று யாரும் அளவு வைக்க முடியாது.

மாமியார்மார்களே, மதினிமார்களே! நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவளைத் தேற்றவும் செய்யும், கொல்லவும் செய்யும். "போனால் போகட்டும், அடுத்தது உண்டாகும்" என்று ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவள் காதில் அது "இதற்குப் போய் அழுகிறாயே" என்று விழுகிறது. அதற்குப் பதிலாக, "மனசு எப்படி இருக்குதம்மா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கே அப்படி நேர்ந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். முப்பது வருஷத்துக்கு முன் தனக்கும் ஒன்று போயிற்று என்று மாமியார் சொன்னால், மருமகளுக்கு அது பெரிய துணை. "மலடி", "ராசியில்லாதவள்", "என் மகனுக்கு வேறு பார்ப்போம்" என்ற பேச்சு நம் தொழிலாளர் வீடுகளில் எழவே கூடாது. அடுத்த தெருவில் வளைகாப்பு என்றால், அவள் முகம் ஆகாது என்று கூப்பிடாமல் விடுவது கொடுமை. கூப்பிடுங்கள், போவதும் போகாமலிருப்பதும் அவள் இஷ்டம்.

புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கும் துக்கம் உண்டு. அதை யாரிடமும் சொல்லாமல் சாராயக் கடையில் போய்க் கரைப்பதால் அவளுக்கு இரட்டைச் சுமை. ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், ஆஸ்பத்திரிக்கு அவளோடு போங்கள். டாக்டர் சொல்வதைக் கூட நின்று கேளுங்கள். குறை அவளிடம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 46இல் 23 உங்களுடையது. பல முறை கரு கலைந்தால் சோதனை இருவருக்கும்தான். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவையுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், "உன் மேலே ஒரு தப்பும் இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு தரம் போதாது. பல தரம் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தால் கிராம சுகாதார நர்சிடம் யாராவது போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அம்மா தம் கடமையைச் செய்ய வந்து, "இப்போது எத்தனை மாதம்?" என்று வாசலில் நின்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாரத்தை அவள் மேல் வைக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்திருக்க மனமில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வைத்தியம் பார்க்கவேண்டிய நோய். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் சர்க்காரின் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே, காசில்லாமல் பேசுவார்கள். பேய் ஓட்டுகிறவனிடம் அழைத்துப் போகாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வு எடு என்று சொல்வது சுலபம். கூலி இல்லாமல் எப்படி ஓய்வு எடுப்பது? இதற்குத்தான் சட்டம் வந்தது. அது சும்மா வரவில்லை. 1929இல் பம்பாய் மாகாணத்திலும், 1934இல் சென்னை மாகாணத்திலும் பேறுகால உதவிச் சட்டங்கள் வந்தன. பம்பாய் சட்டசபையில் அந்த மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிறகு 1961ஆம் வருஷத்து மத்திய சட்டம் தெளிவாகச் சொல்லிற்று: கரு கலைந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு. அந்த ஆறு வாரத்தில் அவளை வேலைக்கு வைப்பதே குற்றம். அதனால் நோய் கண்டால் மேலும் ஒரு மாதம் வரை லீவு. லீவில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். பழைய சட்டங்களை மாற்றிக் கொண்டுவந்த 2020ஆம் வருஷத்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. உள்ள மில்லில் அந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். 1955இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகக் கோவையில் தொடங்கிய திட்டம் அது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஆறு வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலி உண்டு. காண்டிராக்ட் தொழிலாளியானாலும் சந்தா பிடித்தால் உரிமை உண்டு. "தினக்கூலிக்கு இதெல்லாம் கிடையாது" என்று சொல்வார்கள். டில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் வேலை செய்த பெண்கள் வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகால உதவி உண்டு என்று 2000ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. "ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி இல்லை" என்றும் சொல்வார்கள். கோவை லேபர் கோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு தோட்டத் தொழிலாளப் பெண்ணின் பிரசவ உதவி வழக்கில், வாரத்துக்கு ஏழு நாளும் கணக்கு என்று 1977இல் தீர்ப்பாயிற்று. அந்தக் கணக்குப்படி ஆறு வாரம் என்றால் 42 நாள். 36 நாள் அல்ல.

ஆனால் காகிதம் வேண்டும். கரு கலைந்தது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சர்டிபிகேட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. வீட்டிலேயே நேர்ந்துவிட்டால் அன்றைக்கே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கோ சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டு, ஓ.பி. சீட்டு எதையும் எறியாதீர்கள். அவள் எழுந்து அலையவேண்டாம். புருஷனோ சங்கத்துத் தோழரோ அலையட்டும். மேஸ்திரியிடம் காரணத்தை விளக்கிக் கூனிக் குறுக வேண்டியதில்லை. சர்டிபிகேட்டைக் கொடுத்தால் போதும்.

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. கடினமான வேலை கொடுக்கக்கூடாது, நெடுநேரம் நிற்க வைக்கக்கூடாது என்று சட்டம் சொல்வது பேறுகாலத்தை ஒட்டிய வாரங்களுக்குத்தான். கரு கலைவதோ பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். கருவுற்றது தெரிந்த நாளிலிருந்தே, கேட்கும் பெண்ணுக்கு இரவு ஷிப்டிலிருந்து விலக்கும், உட்கார்ந்து செய்யும் வேலையும் வேண்டும் என்று நாம் கோரவேண்டும். நியூஸிலாந்து தேசத்தில் 2021இல் ஒரு சட்டம் செய்தார்கள். கரு கலைந்தால் பெண்ணுக்கும் அவள் துணைவனுக்கும் மூன்று நாள் சம்பளத்தோடு துக்க லீவு. பிலிப்பைன்ஸில் 2019 முதல் பெண்ணுக்கு 60 நாள். அங்கெல்லாம் முடிகிறதென்றால் இங்கே புருஷனுக்கு மூன்று நாளாவது ஏன் முடியாது?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த ஆறு வாரம் எட்டுவதில்லை. இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல் என்று போகிற கூலிப் பெண் யாரிடம் லீவு கேட்பாள்? அவளுக்கும் இந்த உதவி சர்க்கார் பொறுப்பில் கிடைக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நடவுக் கூட்டத்தில் ஒருத்திக்கு இப்படி நேர்ந்தால், அவள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள். தண்ணீரும் விறகும் கொண்டுபோய்ப் போடுங்கள். அவள் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உங்கள் வீட்டில் சோறு போடுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கும் பெண்களுக்குக் கரு கலைந்தாலும் உதவித்தொகை உண்டு. அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மறுபடியும் கருவுற்றால்

உடம்பும் மனமும் தேறி, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு, அவர்கள் இருவரும் விரும்பினால் மறுபடியும் பிள்ளைக்கு முயலலாம். ஊர் அவசரப்படுத்தக் கூடாது. அதற்கு முன்பே போலிக் அமில மாத்திரையும், ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொள்ளவேண்டும். சர்க்கரை, தைராய்டு பார்த்துக்கொள்ளவேண்டும். மறுபடி கருவுற்றதும் பயம் வரும். ஒவ்வொரு முறை வயிறு இழுத்தாலும் நெஞ்சு பதறும். அது இயற்கை. "வீண் பயம்" என்று அதட்டாமல், சீக்கிரமே பதிவு செய்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இரண்டு, மூன்று முறை கலைந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் காரணம் தேடவேண்டும். பல காரணங்களுக்கு மருந்து இருக்கிறது.

தோழர்களே, தாய்மார்களே! வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டியவை நான்கு. 108, 14416 என்ற இரண்டு எண்களையும் சுவரில் எழுதி வையுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டையும் நலவாரிய அட்டையும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மில்லிலும் ஒவ்வொரு கிராமத்திலும், இப்படி நேர்ந்தால் யாரிடம் தயங்காமல் சொல்லலாம் என்று ஒரு பெண் தோழரைக் குறித்து வையுங்கள். நான்காவது, உங்கள் தெருவில் அண்மையில் கரு கலைந்த பெண் யாராவது இருந்தால், இந்த வாரமே துக்கம் விசாரிக்கப் போவதுபோல் அவள் வீட்டுக்குப் போய் வாருங்கள். கையில் கொஞ்சம் முருங்கைக்கீரையும் நாலு முட்டையும் கொண்டு போங்கள். அவள் பேச விரும்பினால் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் பாத்திரத்தைத் தேய்த்து வைத்துவிட்டு வாருங்கள்.